சிவப்புத் துணி கட்டாத பாத்தி

செப்டம்பர் 5

சோயா விதைப்பு முடிந்தது. பன்னிரண்டு பாத்திகள். நான்கு விதம், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். முதல் விதத்தில் களைக்கொல்லி முழுப் பாத்திக்கும். இரண்டாவதில் விதை வரிசையின் மேல் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தெளித்துவிட்டு, வரிசைகளுக்கு நடுவில் சக்கரம் வைத்த களைக்கருவியைத் தள்ள வேண்டும். மருந்து மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். மூன்றாவதில் மருந்தே கிடையாது, கைக்களை மட்டும். நான்காவதை ஒன்றும் செய்யக் கூடாது. விட்டால் களை எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்காகவே அது.

இந்தச் சோதனையை நடத்தும் பிரமிளா மேடத்துக்கு இரண்டாவது விதத்தின் மேல்தான் கண். மருந்தை இவ்வளவு குறைத்தும் களை அடங்குகிறது என்று ஒரு பருவம் காட்டிவிட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள் என்கிறார். என் வேலை எண்ணுவது, எழுதுவது, வேலைக்கு ஆள் வந்தால் வரிசை காட்டுவது.

நேர்முகத்தில் "வீட்ல என்ன தொழில்?" என்று மேடம் கேட்டபோது "விவசாயம்" என்றேன். பொய் இல்லை. இன்று தோட்டத்துக்காரரிடம் என்னை அறிமுகம் செய்தார். "யுவராணி விவசாயக் குடும்பம். வீட்லயே முதல் பட்டதாரி. மண்ணப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சிரும்."

எங்களுக்கு மண் என்று இருப்பது வாசலுக்கு முன்னால் நாலடி. நான் குனிந்து காலி விதைப்பைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 25

இருபதாம் நாள். கைக்களைக்கு ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஊர் ஆள் என்று நான் கேட்டு வைக்கவில்லை.

எட்டரை மணிக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. முதலில் நஞ்சம்மா அக்கா இறங்கினார். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எங்கள் தெரு முழுவதும் இறங்கியது. ஒன்பதாவதாக அம்மா.

காலையில் நான் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அம்மா எனக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு உடுமலைப் பக்கம் களை வெட்டு" என்று சொன்னாள். உடுமலைப் பக்கம் என்றால் எவ்வளவோ இடம் இருக்கிறது.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் குடை பிடித்து நின்ற பிரமிளா மேடத்தைப் பார்த்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக வந்து, "எந்த வரிசையில இருந்து புடிக்கறதுங் மேடம்?" என்றாள். என்னைப் பார்த்துத்தான்.

"இந்தப் பக்கம் இருந்துங்க" என்று கையைக் காட்டினேன்.

"மேடம் வெய்யல்ல நிக்குது பாரு, மாரா. உன்ற தலைத்துணியக் கழட்டிக் குடு" என்று அம்மாவிடம் சொன்னார் நஞ்சம்மா அக்கா. எட்டுப் பேரும் சிரித்தார்கள். பிரமிளா மேடமும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "வேலையப் பாருங்க புள்ளைகளா" என்றாள்.

ஒன்றும் செய்யக் கூடாத மூன்று பாத்திகளிலும் மூலைக் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். கடைசியில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "செவப்புத் துணி கட்டுனதுல காடு மொளச்சாலும் நமக்கென்ன. தொடக் கூடாது. மத்ததுல தொடலாம்."

பதினொரு மணிக்கு டீ. அம்மா டம்ளரோடு என் பக்கம் வந்தாள். "மருந்து படாத எடம் எதெதுங் மேடம்? தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையுமா மொளச்சுக் கெடக்குது."

மேடம் காதில் விழும் தூரத்தில் இருந்தார். நான் நோட்டைத் திறந்து பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "மூணாவது வெதம் பூராவும் மருந்து இல்லைங்க. ரெண்டாவதுல வரிசைக்கு நடுவுல படலைங்க" என்றேன்.

"சரிங் மேடம்."

அம்மாவிடம் 'ங்க' போட்டுப் பேசியது வாழ்க்கையில் இன்றுதான்.

சாயங்காலம் வீட்டில் இதைப் பற்றி அம்மா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் சட்டையில் சேறு பட்டிருந்தது, துவைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 26

இன்றும் அவர்களே. அம்மா என்னை மேடம் என்று பதினோரு தடவை கூப்பிட்டாள். எண்ணுவதுதானே என் வேலை.

அக்டோபர் 3

இரண்டு நாள் மழை, பிறகு நல்ல வெயில். முளைக்காத களையெல்லாம் இப்போது முளைக்கிறது.

அந்த ஒன்பது பேருக்கும் பக்கத்துச் சின்ன வெங்காயக் காட்டில் தோட்டத்துக்காரர் மாதம் முழுக்க வேலை சொல்லிவிட்டார். ரோட்டுக்குப் போக நம் பாத்திகளின் வழியாகத்தான் வர வேண்டும். ஐந்து மணிக்கு அவர்கள் போகும்போது நான் மழை மானியைப் பார்ப்பேன், அல்லது செருப்பில் மண்ணைச் சுரண்டுவேன்.

ராத்திரிக்குத் தொய்யக்கீரைக் கடைசல். பூண்டு நிறையப் போட்டிருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 9

இந்த வாரமும் மூன்று நாள் கீரை. எதிர்வீட்டிலும் அதே வாசம். சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். வேலைக்குப் போட்டுக்கொண்டு போ என்றேன். "அதைப் போட்டுட்டு வந்தா அங்க ஆராவது ஆரு வாங்கிக் குடுத்ததுன்னு கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பரணில் வைத்தாள்.

அக்டோபர் 16

களை எண்ணிக்கை. அரை மீட்டர் இரும்புச் சட்டத்தைப் பாத்திக்குள் போட்டு, அதற்குள் இருக்கும் களையை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

துணி கட்டிய பாத்திகளில் எண்பத்தெட்டு. முழு மருந்துப் பாத்திகளில் பதின்மூன்று. மூன்றில் ஒரு பங்கு மருந்தில் நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கும், நின்றாலே நல்லது என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கு வந்தது முதல் பாத்தியில் பதினாறு, அடுத்ததில் பத்தொன்பது, கடைசியில் பதினைந்து. சராசரி பதினேழு.

முதலில் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். புல் இருக்கிறது, இருக்க வேண்டிய அளவு இருக்கிறது. கோரை இருக்கிறது. தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் மட்டும் வரிசைக்கு நடுவில் ஒன்றுகூட இல்லை. துணி கட்டிய பாத்தியில் அதுதான் பாதிக்கு மேல். வரப்போரம் நடந்து போனேன். இரண்டாவது விதப் பாத்திகளின் தலைமாட்டில் சின்னச் சின்னக் குவியலாகக் காய்ந்த வேர். வேரோடு பிடுங்கி, வேரை மட்டும் நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டுத் தழையை மடியில் கட்டியிருக்கிறார்கள். துணி கட்டியதை ஒருவரும் தொடவில்லை. சொன்ன சொல்லை அப்படியே கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது விதத்திலும் பறித்திருப்பார்கள். அது எப்படியும் கைக்களைதான், கணக்குப் பெரிதாக மாறாது. இரண்டாவதுதான் கெட்டுப்போனது. அங்கே களையை அடக்கியது குறைந்த மருந்தும் இல்லை, சக்கரமும் இல்லை. எங்கள் தெரு.

மதியம் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தேன். கீரை. மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பசித்தது. சாப்பிட்டேன்.

படிவத்தில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது? ஆட்கள் கீரை பறித்துவிட்டார்கள் என்று எழுதினால் எந்த ஆட்கள் என்று கேட்பார். மேடம் அவர்களை நிற்க வைத்துக் கேட்பார். அம்மா நிற்பாள். நான் படிவத்தோடு பக்கத்தில் நிற்பேன்.

'இல்லை' என்று எழுதினேன்.

அக்டோபர் 17

பிரமிளா மேடம் படிவத்தை இரண்டு முறை படித்தார். "பதினேழா! மூணுல ஒரு பங்கு மருந்துல பதினேழா!" என் தோளைத் தட்டினார். பாத்தியைப் படம் எடுத்து, எண்ணையும் போட்டு, விவசாயிகள் குழுவில் அனுப்பிவிட்டார்.

மத்தியானமே ஒருவர் வந்துவிட்டார். பெயர் சென்னியப்பன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டரை ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறார். நாற்பது வயது இருக்கும். பாத்திக்குள் இறங்காமல் வரப்பிலேயே குத்தவைத்து உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

"என்ற காடு சரிவுங் மேடம். கீழ்க்கோடில கெணறு. போன வருசம் களைக்கு மருந்தடிச்சு நாலாம் நா மழை. அத்தனையும் வழிஞ்சு கெணத்துக்குத்தான் போயிருக்கோணும். அந்த மாசம் செனை மாடு ஒண்ணு நாள் நெறையாமயே கன்னு வீசிருச்சு. மருந்துனாலதான்னு நான் சொல்லலைங்க. ஆனா எங்கூட்டுக்காரி வசந்தாமணி அந்தத் தண்ணிய வாயில வெக்க மாட்டீங்கறா. எட்டுக் காடு தாண்டிக் கொடம் தூக்கறா."

"அப்ப இது உங்களுக்குன்னே பண்ணின மாதிரி" என்றார் மேடம்.

"வெள்ளாமை தப்பிப்போச்சுன்னா மட்டும் எனக்கு வழியில்லைங்க. காட்டுக்காரரு தையோட வேற ஆளுக்கு விட்டுருவேன்னு சொல்லிட்டாரு." என் பக்கம் திரும்பினார். "எண்ணுனது நீங்கதானுங்களே, அம்மிணி? பதினேழு சரிதானுங்?"

"சரிதானுங்க."

பதினேழு சரிதான். நான் தப்பாக எண்ணவில்லை.

அக்டோபர் 21

சென்னியப்பன் விதைத்தார். நானும் மேடமும் போயிருந்தோம். கைத்தெளிப்பானை வரிசைக்கு மேல் முழங்கால் உயரத்தில் பிடித்து, ஒரு அடி விலகாமல் நடந்தார். வரிசை முடிவில் நின்று ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தார், சரியா என்பது போல. ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.

அங்கே நின்று சுற்றிப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை. யாரும் வேலை முடிந்து நடந்து போகும் வழி இல்லை. மடியோடு யாரும் வரப் போவதில்லை.

அக்டோபர் 24

கீரை வேண்டாம் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். சீரகம் வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 30

நாளை தீபாவளி. மேடம் தன் செலவில் ஒன்பது பேருக்கும் இனிப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தார். "நீயே குடு யுவராணி, அவங்களுக்கு உன்னைப் பிடிக்கும்" என்றார். வரிசையாக நின்றார்கள். நஞ்சம்மா அக்கா வாங்கிக்கொண்டு, "மேடத்துக்கு மாப்பள வந்தா இதேமாதிரி பெட்டி பெட்டியா வரோணும்" என்றார். அம்மா கடைசியில் நின்றாள். இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ரொம்ப நன்றிங் மேடம்."

அந்தப் பெட்டியை ராத்திரி வீட்டில் அம்மா பிரித்து முதல் துண்டை என்னிடம் நீட்டினாள். மைசூர்பாகு. நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 5

ஐந்து நாளாக மழை. கரிசல் மண் காலோடு வருகிறது. வேலை இல்லை. அலுவலகத்தில் பழைய படிவங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். அக்டோபர் 16 படிவத்தை நடுவில் வைத்தேன்.

நவம்பர் 10

சென்னியப்பன் போன் செய்தார் என்று மேடம் என்னைத் தனியே அனுப்பினார். விதைத்து இருபது நாள். சக்கரம் தள்ள வேண்டிய நாள்.

அவர் தள்ளுகிறார், வசந்தாமணி அக்கா முன்னால் கயிறு கட்டி இழுக்கிறார். நாலடிக்கு ஒரு தடவை சக்கரத்தில் மண் அப்பிக்கொள்கிறது. குச்சியால் குத்தி எடுக்கிறார்கள். மறுபடி நாலடி. பின்னால் திரும்பிப் பார்த்தால், சாய்ந்த தொய்யக்கீரை நிமிர்ந்துகொண்டிருக்கிறது. மேல் பக்கம் பரவாயில்லை. கீழ்ப் பக்கம் கிணற்றோரமாகச் சோயா எது என்று தேட வேண்டியிருந்தது.

"உங்க பாத்திலயும் இதே மழைதானுங்க பேஞ்சுது" என்றார் சென்னியப்பன். கேள்வியாகத்தான் கேட்டார்.

"ஆமாங்க. மேடத்துக்கிட்டச் சொல்றேனுங்க."

பஸ்ஸில் மேடத்துக்குச் செய்தி தட்டினேன். நீளமாக. இறங்கும்போது அழித்துவிட்டு, 'மண் ஈரம். களைக்கருவி ஓடவில்லை' என்று மட்டும் அனுப்பினேன். அதுவும் உண்மைதான். நான் எழுதுவதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 14

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மேடமும் நானும் சென்னியப்பன் காட்டுக்குப் போனோம். சட்டத்தைப் போட்டு எண்ணினேன். அறுபத்து நான்கு. மேடம் நம்பாமல் தானே ஒரு தடவை எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "மருந்து சரியா விழுந்திருக்காதுங்க. கலக்கும்போது அளவு கொறஞ்சிருக்கும். இல்ல நடக்கும்போது கை விலகியிருக்கும்" என்றார்.

வசந்தாமணி அக்காதான் முன்னால் வந்தார். "அவரு அளந்து அளந்துதானுங் அடிச்சாரு. இந்த அம்மிணி கூட நின்னு பாத்துச்சே. ஏனுங் அம்மிணி, கை வெலகுச்சா?"

"இல்லைங்க" என்றேன்.

"அப்பறம் எப்படி?" என்றார் மேடம். "வாங்க, நம்ம பாத்தியப் போய்ப் பாப்போம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வாய்க்கால் பாலம் வழியாக நான்கு பேரும் வந்தோம். டீ நேரம். வெங்காயக் காட்டு ஆட்கள் நம் வரப்பில் இருந்தார்கள். நாலைந்து பேர் இரண்டாவது விதப் பாத்திக்குள் குனிந்து நின்றார்கள். மழைக்குப் பிறகு கீரை தளதளவென்று இருக்கிறது. பறிப்பது, வேரைக் கிள்ளி எறிவது, மடியில் போடுவது. கைக்கு அது வேலையே இல்லை, பேசிக்கொண்டே நடக்கிறது.

மேடம் அப்படியே நின்றார். நானும் எவ்வளவு தூரம் பின்தங்க முடியுமோ அவ்வளவு பின்தங்கி நின்றேன்.

"என்னங்க பண்றீங்க?"

"கீரைங் மேடம்" என்றார் நஞ்சம்மா அக்கா. "துணி கட்டுனதுல தொடலைங்க."

"இதுல எத்தன நாளாப் பறிக்கறீங்க?"

மேடத்தின் குரலில் ஏதோ இருந்தது, எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். அம்மா மடியை அவிழ்த்துக் கீரையை வரப்பில் கொட்டிவிட்டு முன்னால் வந்தாள்.

"நாந்தானுங் மேடம் பறிக்கலாம்னு சொன்னது. ஒண்ணரை மாசமாப் பறிக்கறோமுங்க. அந்தச் சின்ன மேடத்துக்கு இது ஒண்ணும் தெரியாதுங்க. அது இல்லாத நேரமாப் பாத்துத்தான் பறிப்போமுங்க."

நஞ்சம்மா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எட்டுப் பேரும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டார்கள். நானும் அப்படியே நின்றிருந்தால், மேடம் அவர்களைக் கொஞ்சம் திட்டியிருப்பார். படிவத்தைத் திருத்தியிருப்போம். என்னை "நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றிருப்பார். நான் அதற்கும் தலையாட்டியிருப்பேன்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன். "எண்ணின அன்னிக்கே தெரியும். வேரெல்லாம் கெடந்துச்சு. மருந்து படாத எடத்தக் காட்டினதும் நாந்தான்." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பட்டது. "எங்க வீட்லயும் அதான் சமைச்சோம். நானும் சாப்ட்டேன். இவங்க எங்கம்மா."

வெங்காயக் காட்டில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

முதலில் பேசியது சென்னியப்பன். "எண்ணுனது பதினாறாந் தேதி. நான் வெதச்சது இருபத்தொண்ணு."

"ஆமாங்க."

"வெதைக்கறதுக்கு முந்தியே தெரியும்."

"ஆமாங்க."

"நான் வந்து கேட்டப்பவும்."

"ஆமாங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அடுத்த தோளில் போட்டுக்கொண்டார். பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வசந்தாமணி அக்கா அவர் பின்னால் போகாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரமிளா மேடம் வரப்பில் உட்கார்ந்து போனை எடுத்தார். குழுவில் போட்ட படத்துக்குக் கீழே திருத்தம் எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார். அம்மாவிடம், "நீங்க பறிச்சது தப்பில்லைங்க. நாங்கதான் இதுல துணி கட்டல" என்றார். பிறகு, சென்னியப்பன் காட்டை ஒரு வாரத்துக்குள் கையால் வெட்டினால் சோயா தேறும், வருவீர்களா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். நாளையிலிருந்து நாலு நாள் வர முடியும், அதற்கப்புறம் வெங்காயம் பிடுங்கப் பேசியிருக்கிறது என்றார்கள். நாலு நாளில் மேல் ஒன்றரை ஏக்கர் ஆகும். கீழே ஒரு ஏக்கர் ஆகாது.

பஸ் வரும்வரை மேடம் என்னோடு பேசவில்லை. பஸ் வந்தபோது, "வீட்ல விவசாயம்னு சொன்னே" என்றார்.

"களை வெட்டறாங்க மேடம்."

"அதச் சொல்லியிருந்தா முதல் நாளே அவங்ககிட்டப் போய் உக்காந்திருப்பேன். எந்தக் களைய என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருப்பேன்."

நவம்பர் 15

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அம்மா போகவில்லை. எட்டுப் பேர்தான் சென்னியப்பன் காட்டுக்குப் போனார்கள்.

உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"என்னயக் கேட்டுட்டா சொன்ன?"

"இல்லம்மா, அந்த அக்கா வீட்டுக்காரர் மேல பழி..."

"கீரை பறிச்சதச் சொல்லு. தெரியும்னு சொல்லு. எல்லாஞ் சொல்லு. நான் உன்ற அம்மான்னு எதுக்குச் சொன்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதை இத்தனை நாள் மறைத்ததற்குத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவமானமாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

"நீ அவமானப்பட்டது எனக்குத் தெரியாதா? அதுக்காக மட்டும்தான் மேடம் மேடம்னேன்னு நெனச்சுட்டியா?" சாம்பல் கூடையைக் கீழே வைத்தாள். "இத்தன நாளா நான் ஒரு மேடத்துக்குக் கீழ வேலை செஞ்சேன். எங்கயும் செய்யறதுதான். இனி நான் பெத்த புள்ள நோட்டுல என்ற பேரு எழுதி நின்னு பாக்க, நான் குனிஞ்சு வெட்டோணுமா? அத்தன சனமும் பாக்க?"

கூடையை எடுத்துக்கொண்டு குப்பைக்குப் போனாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள்கூட அதை யோசித்துப் பார்த்ததில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

எனக்கு விடுமுறை. அம்மாவின் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாவது ஆளு வந்துருச்சு" என்றார் நஞ்சம்மா அக்கா. "படிச்ச கை. சோயாகிட்டயும் களைகிட்டயும் பேரு கேட்டுக் கேட்டுத்தான் வெட்டும்."

மேல்காட்டில் எனக்கும் ஒரு வரிசை விட்டார்கள். எட்டு மணிக்குக் குனிந்தேன். முதல் அரைமணியில் மூன்று சோயாச் செடியை வெட்டிவிட்டேன். வெட்டியதை மண்ணுக்குள் தள்ளி மூடப் பார்த்தேன். பிறகு எடுத்து வரப்பில் வெளியே தெரிகிற மாதிரி போட்டேன். பத்து மணிக்கு உள்ளங்கையில் கொப்புளம். அவர்கள் இரண்டாவது வரிசை முடித்தபோது நான் முதலில் பாதி. பேசிக்கொண்டே வெட்டுகிறார்கள், பேசிக்கொண்டே கீரையை மட்டும் தனியே மடியில் சேர்க்கிறார்கள். இங்கே வரிசை நடுவில் மருந்து படவில்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சென்னியப்பன் மேல்காட்டுப் பக்கமே வரவில்லை. வசந்தாமணி அக்கா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்குக் கடைசியில் ஊற்றினார். கையை வாயருகே வைத்துக் குடித்து முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஊற்றினார். எட்டுக் காடு தாண்டித் தூக்கி வந்த தண்ணீர்.

பொழுது இறங்கும்போது எனக்கு இரண்டு வரிசை ஆகியிருந்தது. அம்மா ஒரு நாளைக்கு ஒன்பது வெட்டுவாள்.

நவம்பர் 18

மேல் ஒன்றரை ஏக்கர் முடிந்தது என்று நஞ்சம்மா அக்கா வழியில் சொன்னார். மேல்காடு தேறிவிடும். கீழ்க்காட்டில் களை முழங்காலுக்கு வந்துவிட்டது, இனிக் கொத்துக்கு அடங்காது. உழுதுவிட வேண்டும் அல்லது மருந்து, முழுப் பரப்புக்கும். முதலிலேயே வழக்கம் போல் அடித்திருந்தால்கூட இவ்வளவு அடிக்க வேண்டியிருக்காது.

நவம்பர் 19

சென்னியப்பன் மேடத்தைக் கூப்பிடவில்லை. அலுவலக வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"உழுதா ஒரு ஏக்கரும் போயிரும். காட்டுக்காரருக்கு என்னத்தச் சொல்றது? அடிச்சுத்தான் ஆகோணும். வந்து அளவச் சொல்லு, புள்ள."

முன்பு அம்மிணி என்பார். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினால் இந்த நோட்டிலும் பொய் சேரும்.

போனேன். கிணற்றுமேட்டில் தெளிப்பானை வைத்திருந்தார். மூக்கை மூடித் துண்டு கட்டியிருந்தார். பாட்டிலைத் திறந்து, "டேங்குக்கு எத்தன மூடி?" என்றார். சொன்னேன். மூடியில் வழிய வழிய ஊற்றினார். இவ்வளவு வேண்டாம், விளிம்பு வரைக்கும் போதும் என்றேன். கொஞ்சத்தைத் திருப்பிப் பாட்டிலில் விட்டார். கிணற்றை ஒட்டி நாலு வரிசையை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். அந்த நாலு வரிசைக் களையை நான் வந்து வெட்டித் தருகிறேன் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. விட்டுவிட்டுத்தான் அடித்தார்.

"மழை வருமா?"

"மூணு நாளைக்கு இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருக்காங்க" என்றார்.

அவர் முதுகில் டேங்கோடு நடந்தார். இந்தத் தடவை வரிசை முடிவில் நின்று என்னைப் பார்க்கவில்லை. வசந்தாமணி அக்கா மேட்டில் மாட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார், காற்று வராத பக்கமாக.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, துணி மாற்றினேன். அம்மா நாலு நாளைக்குப் பிறகு பேசினாள்.

"கீழ்க்காட்டுக்கு மருந்தா?"

"ஆமா."

"நாளைக்கு வெங்காயத்துக்குப் போறப்ப வாய்க்காலத் தாண்டிக் கீழ்க்காட்டுல கீரை புடுங்கிட்டு வரோணும்னு பேசிட்டிருக்காளுக. மேல அள்ளி ருசி கண்டுட்டாளுக."

இன்றைக்கு அடித்தது நாளைக்கு வாடாது. நாலைந்து நாள் பச்சையாகத்தான் நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"நீ சொல்லிரும்மா. நீ சொன்னாக் கேப்பாங்க."

"நான் சொன்னா ஏன்னு கேப்பாளுக. ஏன்னு நான் எப்படிச் சொல்றது? அது நீ சொல்ல வேண்டியது."

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மணி ஆறரை. எல்லா வீட்டிலும் அடுப்புப் பற்ற வைத்திருந்தார்கள். முதலில் நஞ்சம்மா அக்கா வீடு. "மேடம் நடையேறி வந்திருக்குது, பாய எடுத்துப் போடு" என்று மருமகளிடம் சொன்னார். உட்காரவில்லை. சென்னியப்பன் காட்டில் கீழ் ஒரு ஏக்கருக்கு இன்றைக்கு மருந்து அடித்திருக்கிறது, இந்த மாதம் முழுக்க அங்கே கீரை பறிக்க வேண்டாம் என்றேன். துணி எதுவும் கட்டியிருக்காது, ஆனாலும் வேண்டாம்.

"அவுரு மருந்தே வேண்டாம்னல்ல இருந்தாரு? அப்பறம் ஏன் அடிச்சாரு?"

சொன்னேன். பதினாறாம் தேதியிலிருந்து சொன்னேன்.

அடுத்த வீட்டுக்குப் போனேன். எட்டு வீடு. எட்டு வீட்டிலும் ஏன் என்று கேட்டார்கள். எட்டு வீட்டிலும் சொன்னேன்.